போல்ட்டின் மேல் சிவப்புக் கோடு

நகப்பூச்சு பூசும் பழக்கம் எனக்கு இல்லை. என் கருவிப்பெட்டியில் நீங்கள் எடுத்த சிவப்புப் புட்டி போல்ட்டுகளுக்கானது. ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை சின்னதாக ஒரு கோடு இழுத்துவிடுவேன். போல்ட் தளர்ந்தால் கோடு இரண்டாக விலகிவிடும். குனிந்து பார்த்தாலே தெரியும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குழாய் இணைப்புகளுக்கு அப்படிச் செய்வோம். அங்கிருந்து வந்த பழக்கம்.

ஐயா, நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதச் சொன்னீர்கள். பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது. நன்றி.

என் பெயர் இத்தோ. வயது இருபத்தொன்பது. மெக்னெஸ் நகரத்தில் இயற்பியல் படித்தேன். அதன் பிறகு இரண்டு வருடம் வேலைக்கு எழுதிப் போட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன். எங்கள் மலையூர் மிதெல்த்தில், வீட்டுக் கீழ்த்தளத்தில் அப்பாவின் பழைய பென்ஸ் நிற்கிறது. அவர் ஜெர்மனியில் தொழிற்சாலை வேலையை விட்டு வந்தபோது ஓட்டிக்கொண்டு வந்த வண்டி. அதோடு ஒரு தடித்த பழுதுபார்க்கும் புத்தகமும் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். ஜெர்மன் மொழியில் எனக்கு ஒரு ரொட்டி கேட்கத் தெரியாது. கேஸ்கட் கேட்கத் தெரியும்.

அக்கம்பக்கத்து டாக்ஸிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாம் அதே பழைய பென்ஸ். என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். முதலில் கிண்டலாக, பிறகு கிண்டல் இல்லாமல்.

ரிப்பேர் வேலை கடினமில்லை. உதிரிபாகம் தேடுவதுதான் ஆளைத் தின்னும். கோடையில் ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வருபவர்களிடம் மார்ச் மாதமே சொல்லி வைக்க வேண்டும். அவர்கள் போர்வைக்குள் சுற்றி எடுத்து வருவார்கள். நாதோரில் ஒரு வியாபாரி சரியான சாமானின் படத்தை அனுப்பிவிட்டு, தவறான சாமானைப் பார்சலில் அனுப்புவார். திருப்பி அனுப்பினால் அடுத்த தடவை போனை எடுக்க மாட்டார். இப்போது பழைய டாக்ஸியை ஒப்படைத்தால் புது வண்டி வாங்க அரசு பணம் தருகிறது. ஒப்படைத்த வண்டியை முழுசாக வைத்து நசுக்கிவிடுகிறார்கள். ஒரு வண்டி நசுங்கும்போது நான்கு வண்டிகளுக்கான சாமான் நசுங்குகிறது. இதைப் பல பேரிடம் சொல்லிப் பார்த்தேன். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு வருடம் முன்பு பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் சில சொற்களே மிஞ்சின. அவர் வண்டியின் டீசல் பம்ப் போய் மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து காலையில் டீ குடிக்கும்போது கேட்பார்.

"சாமான் வந்துச்சா?"

"வரும் அப்பா."

அரை மணி கழித்து மறுபடியும் கேட்பார். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு தடவை. குறையாகச் சொல்லவில்லை. எண்ணுவது என் படிப்பின் பழக்கம். அந்த வண்டி ஓடினால் அந்தக் கேள்வி நிற்கும் என்று நினைத்தேன். எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. அந்தக் கேள்வி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவின் வண்டியில் இருப்பது பழைய மாதிரி பம்ப். அடுத்த சில வருடங்களில் வந்த வண்டிகளில் மாதிரியை மாற்றிவிட்டார்கள். மூன்று தடவை வரவழைத்தேன், மூன்றும் புது மாதிரி. எங்கள் பக்கத்தில் பழைய மாதிரி பம்ப் ஒரே ஒரு வண்டியில்தான் மிச்சம் இருந்தது. மோஹா சித்தப்பாவின் டாக்ஸியில்.

அவர் சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவின் சிநேகிதர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் அம்மா கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்து குஸ்குஸ் செய்வாள். வேறு கிழமையில் கேட்டால் திட்டு விழும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார், அடுத்த வாரம் டாக்ஸியை மெக்னெஸில் ஒப்படைக்கப் போவதாக. எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்.

"சித்தப்பா, அந்தப் பம்பை எனக்குக் கழட்டித் தாங்க. புது மாதிரி ஒண்ணு சும்மா கிடக்கு. அதுக்கேத்த குழாயும் மாத்தி வச்சு விடுறேன். மெக்னெஸ் வரைக்கும் வண்டி ஓடும், அதுக்கு மேல தாங்காது."

"ஓடும். அங்க பாக்கிறவன் பானட்டைத் தூக்குவான். ஆட்டுக்கு எதுக்குய்யா கழுதைக் கால் வச்சிருக்கேன்னு திருப்பி அனுப்பிடுவான். புது வண்டிக்குப் பேர் குடுத்துட்டேன், மகளே."

"கண்டுபிடிக்க முடியாது."

"நீ வச்சா கண்டுபிடிக்க முடியாதுதான், மேஸ்திரி. என் மூஞ்சியப் பாத்தாலே கண்டுபிடிச்சிடுவான். அறுபத்தி நாலு வயசுல திருட்டு முழி முழிக்க எனக்கு வராது." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "உன் வண்டி எதுக்குப்பா ஓடணும்? அதுல கோழிங்க நிம்மதியா முட்டை போடுது. அதுங்களப் போய் எழுப்பப் பாக்குறா உன் பொண்ணு."

அப்பா அவரைப் பார்த்து, "சாமான் வந்துச்சா?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"அந்த ஆளை விடு," என்றாள் அம்மா. "அவர் பொண்டாட்டியக் கூட இரவல் குடுப்பாரு. பம்பைக் குடுக்க மாட்டாரு."

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை. ஆனால் நிலைமை இதுதான்: வண்டி மெக்னெஸ் போய்ச் சேர்ந்தால் பம்ப் நசுங்கிவிடும். போய்ச் சேராவிட்டால் நசுங்காது. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதா என்று மூன்று நாள் யோசித்தேன். தெரியவில்லை. எனக்கு அப்போது மிகவும் களைப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவரே வண்டியைக் கொண்டுவந்து விட்டார். மலைப்பாதை ஆயிற்றே, பிரேக்கை ஒரு தடவை பார்த்துவிடு என்றார். பார்த்தேன். நன்றாகவே இருந்தது. முன் சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினேன். குளிர்காலத்தில் இன்னொரு டாக்ஸியிலிருந்து கழற்றியது அது. வெளியே பார்க்க நல்ல ஹோஸ். உள்ளே இற்றுப்போனது. எறிந்திருக்க வேண்டும். நான் எதையும் எறிவதில்லை.

அது எங்கே வெடித்துப்போகும் என்று கணக்குப் போட்டேன். சாதாரண ரோட்டில் தாங்கும். நீண்ட இறக்கத்தில், தொடர்ந்து மிதிக்கும்போது விடும். அஸ்ரூவுக்கு மேலே தேவதாரு காட்டுக்குள் அப்படி ஒரு இறக்கம் இருக்கிறது. பின் சக்கரப் பிரேக் தனிக் குழாயில் வேலை செய்யும். வண்டியில் தனி ஆள் என்றால் எடை குறைவு. ஓட்டுகிறவருக்குப் பாதை மனப்பாடம். மலைப்பக்கம் திருப்பி, உரசி நிறுத்திவிடுவார். அங்கே மலை வலது பக்கம் வரும். பம்ப் என்ஜினின் இடது பக்கம் இருக்கிறது. என் கணக்கில் தனி ஆள்தான்.

அவர் வண்டியை எடுக்க வந்தபோது வழக்கம்போல் டார்ச் அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவருக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

"சிவப்புக் கோடு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் சித்தப்பா."

"அப்ப சரி. இனி அது உன் பாடு, எனக்குக் கவலை இல்ல."

கெட்ட ஹோஸுக்கு எதற்குக் கோடு போட்டாய் என்று நேற்று கேட்டீர்கள். கைப்பழக்கம் என்று சொன்னேன். அந்தக் கோட்டை வைத்துத்தான் அது என் கை என்று ஊர்க்காரர்கள் உங்களுக்குச் சொன்னார்கள். எனவே அது என் தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தவறு இல்லை. கோடு இல்லாவிட்டால் அவர் கேட்டிருப்பார். கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குப் பொய் சொல்ல வராது.

வியாழக்கிழமை நடந்தது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. வண்டியில் ஏழு பேர். இறக்கத்தின் மூன்றாவது வளைவில் வலது பக்கம் திரும்பியது. மலையில் மோதிக் கவிழ்ந்தது. மோஹா சித்தப்பா, எங்கள் எதிர்வீட்டு லல்லா தூதா, ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பதி. நான்கு பேர். மற்ற மூவர் பிழைத்துவிட்டார்கள். இடத்தைப் பொறுத்தவரை என் கணக்குச் சரி.

நான்காம் நாள் மோஹா சித்தப்பாவின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். எல்லோரையும் போல நானும் நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்பு எடுத்துப் போனேன். அவர் மனைவி லல்லா யஸ்ஸா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"அஸ்ரூவுல அந்த இரும்பு கிடக்காம். அதை வச்சு நான் என்ன பண்றது? இத்தோ கை வச்ச வண்டி நடுவழியில நிக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. உங்கப்பாவுக்கு என்னவோ வேணும்னு கேட்டியாமே. போய் எடுத்துக்க, மகளே. அவர் குடுத்ததா இருக்கட்டும்."

அவர் பேரனிடம் சொல்லி ஒரு சீட்டும் எழுதவைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் போனேன். பம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டு நாளில் பொருத்தினேன். எல்லா போல்ட்டுக்கும் கோடு போட்டேன். கோழிகளை வெளியே விரட்டிவிட்டு, அப்பாவைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தோம். இரண்டாவது தடவையில் என்ஜின் பிடித்தது. அப்பா இடது கையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். அவர் வாயோரம் இழுத்தது. சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டீயை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாமான் வந்துச்சா?"

அன்று இருபத்தேழு தடவை கேட்டார். நான்கு குறைவு.

இவ்வளவுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட இருந்தேன். திருப்பிப் படித்தபோது ஒரு இடம் உறுத்துகிறது. தனி ஆள் என்று எழுதியிருக்கிறேன். கணக்கு அப்படித்தான் போட்டேன், செவ்வாய்க்கிழமை. அதை அடிக்கவில்லை. இதைக் கீழே சேர்த்துவிடுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் மோஹா சித்தப்பா எங்கள் தெருவில் நின்று சத்தமாகச் சொன்னார். "நாப்பது வருஷம் காசு வாங்கி ஏத்துனேன். நாளைக்குக் கடைசி ஓட்டம், அல்லாவுக்காக. மெக்னெஸ் போறவங்க சும்மா ஏறிக்கங்க. ஆறு பேருக்கு இடம் இருக்கு." நான் அப்பாவின் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. முதலில் பேர் சொன்னது அம்மா. அவள் தங்கை மெக்னெஸில் இருக்கிறாள். டாக்ஸி எங்கள் வாசலிலிருந்து இருபதடி தூரத்தில் நின்றது. நல்ல ஹோஸ் என் தகரப்பெட்டியில் இருந்தது. மாற்ற அரை மணி போதும்.

மறுநாள் காலை அம்மா ஜெல்லாபா அங்கியை மாட்டிக்கொண்டு, பையில் ஆப்பிள் நிரப்பிக்கொண்டு நின்றாள். நான் சொன்னேன்.

"அம்மா, எனக்குக் குஸ்குஸ் சாப்பிடணும் போல இருக்கு."

"இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமாடி?"

"தெரியும். நீ போகாத. செஞ்சு குடு."

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள மசக்கையா?" என்றாள். ஆனால் நான் எனக்கென்று எதையும் கேட்கிறவள் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜெல்லாபாவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

வெளியே ஹாரன் அடித்தது. அம்மா வாசலிலிருந்து கத்தினாள். "நான் வரல. இவளுக்கு வியாழக்கிழமை குஸ்குஸ் வேணுமாம்."

"எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைங்க," என்றார் மோஹா சித்தப்பா. "சாயங்காலம் பஸ்ஸுல வந்துடுவேன்." பிறகு தெருவைப் பார்த்து, "ஒரு இடம் இருக்கு, ஒரே இடம்," என்று கூப்பிட்டார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த லல்லா தூதா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அம்மா மோஹா சித்தப்பாவுக்கென்று ஒரு தட்டை மூடி வைத்தாள். பிற்பகல் செய்தி வந்ததும் அவள் லல்லா யஸ்ஸா வீட்டுக்கு ஓடிவிட்டாள். குஸ்குஸ் ஆறிப்போயிருந்தது. வீணாகப் போக வேண்டாம் என்று நானே சாப்பிட்டேன்.