கம்பைலர் நீக்கிய வரி

மின்விசிறியை அணைக்க வேண்டாம், ஐயா. ஏதாவது ஒரு சத்தம் இருந்தால்தான் எனக்குப் பேச வரும்.

கம்பைலர் எழுதுவது என் தொழில். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள் அது. எங்கள் நிரல்மொழிக்கு ஒரு தரநிலை உண்டு. அதை வகுக்கும் குழுவில் நானும் இருந்தேன். இயந்திரம் வைத்துக்கொள்ளும் எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு; எண் அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத் தரநிலை சொல்லாமல் விட்டிருந்தது. “எந்த மெஷின்ல போட்டாலும் ஒரே மாதிரி ஓடணும், எழுதி வச்சிருவோம்” என்று குழுவில் ஒரு தாடிக்காரர் மல்லுக்கு நின்றார். எழுதினால் என் கம்பைலரின் வேகம் போய்விடும். நயமாகப் பேசி அதைக் கிடப்பில் போட வைத்தேன்.

என் தங்கை கணவர் மருத்துவமனைகளில் மருந்தேற்றும் கருவிக்கு நிரல் எழுதியவர். ஏறிய அளவைக் கூட்டிக்கொண்டே போய் வரம்பைத் தாண்டினால், பழைய கருவியில் எண், வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் போல, சுழன்று சிறுத்துவிடும். சிறுத்தால் மருந்தை நிறுத்தி மணியடிக்க ஒரு வரி வைத்திருந்தார். புதிய கருவிக்கு என் கம்பைலர். தரநிலை ஒன்றும் சொல்லாததால், கூட்டினால் எண் சிறுக்கவே சிறுக்காது என்பது அதன் கணக்கு. ஆகவே அந்த வரியை வீண் என்று, வேகத்துக்காக அதுவே நீக்கிவிடும்.

“மச்சான், பழசுல நல்லா ஓடுது. உங்களுதுலயும் ஓடுமா? ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். அந்த வரி கண்ணில் பட்டது. “தரநிலைப்படி எழுதியிருந்தா ஓடும், மாப்பிள்ளை” என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் குழுவில் தாடிக்காரர் கை ஓங்கியிருக்கும்.

குழந்தைகள் வார்டில் மூன்று கட்டில்கள். அளவு தாண்டியும் மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. “மணி அடிக்கலன்னா எல்லாம் சரியா இருக்குன்னுதானே சார் நினைப்போம்” என்று அங்கே பணியில் இருந்த நர்ஸ் அழுதார். அன்றிலிருந்து அமைதியான அறையில் என்னால் உட்கார முடிவதில்லை. அடிக்காத மணிக்காகக் காது காத்துக்கொண்டே இருக்கிறது. பயமாக இருக்கிறது, ஐயா.

மாப்பிள்ளையைக் கைது செய்த அன்று தங்கை வந்தாள். “அண்ணா, அவர் எங்கதான் தப்பு பண்ணாரு? உனக்குத் தெரியாததா?”

“அந்த வரியை அப்படி எழுதியிருக்கக் கூடாதும்மா.”

நம்பிவிட்டாள்.

தெரிந்தேதான் விட்டேன். அந்த மூன்று குழந்தைகளைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தரநிலையை மீறினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொழிலில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.