சுவரில் சான்றிதழ், வீட்டில் அக்கா

அஜீஸ், உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் ஷரீபா அக்காவிடம்கூட. நாளை ஆண்டு விழாவில் தமிழம்மா எழுதிக் கொடுத்த 'கம்ப்யூட்டர் காலத்தில் மருத்துவம்' பேச்சைத்தான் நான் பேசுவேன் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நான் பேசப்போவது இதை. மேடையில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால், கீழிருந்து அடுத்த வரியை எடுத்துக் கொடு. அதற்காகத்தான் உனக்கு இந்தப் பிரதி.

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அவர்களே! அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பனியன் கம்பெனியில் அரை ஷிப்டை விட்டுவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மாலையோடு சிறப்பு விருந்தினர் நாற்காலியில் வீற்றிருக்கும் முதலிபாளையம் மருந்துக்கடை உரிமையாளர் திரு. வெள்ளியங்கிரி அவர்களே, என்னைப் பெற்ற அப்பா அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

மருந்தாளுநர் என்பவர் யார்? சீட்டை வாங்கி, அலமாரியைத் துழாவி, அட்டையைக் கத்தரித்து, கவரில் போட்டு நீட்டும் கை மட்டும்தானா? அந்தக் கைக்கு மேலே ஒரு தலை இல்லையா? அந்தத் தலைக்குள்ளே படித்த படிப்பு இல்லையா?

அப்பாவின் கடைச் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. மருந்தாளுநர் ஷரீபுன்னிசா என்று பெயர். அது இல்லாவிட்டால் கடைக்கு லைசென்ஸ் இல்லை. வழக்கம் என்ன? சான்றிதழ் சுவரில் இருக்கும்; அதற்கு உரியவர் வீட்டில் இருப்பார். ஷரீபா அக்கா அந்த வழக்கத்துக்கு ஒப்பவில்லை. "எம்பேரு இருக்கற எடத்துல நானும் இருக்கோணுமுங்க" என்று வந்து கவுண்டரில் நின்றார்.

சரக்கு இருப்புப் பார்க்க அப்பா வாங்கிய கம்ப்யூட்டரில் அக்கா மனிதர்களின் பெயரை ஏற்றினார். யாருக்கு எந்த மருந்து, எழுதியது எந்த டாக்டர், எத்தனை நாளைக்கு. "இது மருந்துக்கடையா, ரேஷன் கடையா?" என்று சிரித்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள்.

சாயப்பட்டறைத் தொழிலாளி சாமியப்பன் ஒருநாள் சீட்டோடு வந்தார். அக்கா கம்ப்யூட்டரில் அவர் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்ணா, போன வாரம் வாங்குன வலி மாத்திரை தீந்துருச்சுங்களா?"

"அது முட்டி வலிக்கு அம்மிணி, பகல்ல போடறது. இது இடுப்பு வலிக்கு வேற டாக்டர் எழுதுனது, நைட் ஷிப்டுக்கு. ரெண்டும் வேற வேற கலரு பாருங்க."

"கலருதானுங்ணா வேற. உள்ள மருந்து ஒண்ணேதான். வயிறு எரியுதுங்களா?"

"எரியறது கெடக்குது. வெளிய போனா தாரு மாதிரி கறுப்பாப் போகுதுங்க. இதைப் போயி டாக்டர்கிட்டச் சொல்றதுங்களா?"

சிரிக்காதீர்கள், பின்வரிசைத் தோழிகளே! அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளம். ஏற்றுமதி ஷிப்மென்ட் முடியும்வரை நின்றாக வேண்டும் என்று மாத்திரையை விழுங்குகிற ஊர் இது.

அக்கா இரண்டு டாக்டருக்கும் போன் போட்டார். முட்டிக்கு எழுதிய டாக்டரம்மா, "நல்லவேளை சொன்னியேம்மா, ரெண்டையும் நிறுத்திட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றார். இடுப்புக்கு எழுதியவர் என்ன சொன்னார்? "பொட்டலம் மடிக்கிறவ எனக்குப் பாடம் நடத்தறயா?" என்றார்.

சாமியப்பன் பிழைத்தார். ஒரு டாக்டர் முட்டியைப் பார்த்தார், ஒரு டாக்டர் இடுப்பைப் பார்த்தார். முழுச் சாமியப்பனைப் பார்த்தது யார்? கம்ப்யூட்டரா? அது கேள்வி கேட்காது, போனும் எடுக்காது. பெயரை ஏற்றியவர், பார்த்தவர், கேட்டவர், அழைத்தவர் ஒரு மருந்தாளுநர்! டாக்டர் எழுத, மருந்தாளுநர் சரிபார்க்க, நோயாளி வாய் திறந்து சொல்ல, மூவரும் கூடினால்தான் அது வைத்தியம்!

ஆனால் கோபித்த டாக்டரின் சீட்டுகள் எங்கள் கடைக்கு வருவது நின்றது. அப்பா அக்காவிடம் என்ன சொன்னார்? "உங்க சர்டிபிகேட்டு இருந்தாப் போதுமுங்க அம்மிணி. நீங்க ஊட்டுல இருங்க."

என்ன முணுமுணுப்பு அங்கே? 'அப்பனை மேடையில் வைத்துக்கொண்டே பேசுகிறாளே' என்கிறீர்களா? ஆம், வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்! அப்பா, பத்து நாளாகக் கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடக்கிறது. தாய்மார்களே, சாயங்காலம் அந்தக் கவுண்டரில் நிற்பது யார்? நான். பதினொன்றாம் வகுப்பு. சீட்டில் எழுத்து புரியாவிட்டால் அட்டையின் கலரைப் பார்த்துக் கொடுக்கிறேன். உங்களில் யாருக்காவது தவறாகக் கொடுத்திருக்கிறேனா? எனக்குத் தெரியாது. அதுதான் என் பயம். மேடை பயமில்லை, அடி பயமில்லை, அந்தக் கவுண்டர்தான் பயம்!

இனி நிற்க மாட்டேன். திட்டினாலும் நிற்க மாட்டேன், பள்ளியை விட்டு நிறுத்தினாலும் நிற்க மாட்டேன். அப்பா, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்: ஒன்று, நாளைக் காலை அக்காவைக் கவுண்டருக்கு அழையுங்கள். அல்லது அவர் பெயரைச் சுவரிலிருந்து இறக்குங்கள். ஆளை விரட்டிவிட்டுப் பெயரை மட்டும் மாட்டி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை!

என் குரல் நடுங்கியதைப் பொறுத்து, சொன்னதைக் கேட்ட சபைக்கு நன்றி சொல்லி, வணக்

அஜீஸ், கதவைத் தட்டுகிறார்கள்.

"ஏங் கண்ணு, இன்னும் தூங்கலயா? நாளைக்குப் பேசறத அப்பனுக்கு ஒருக்கா படிச்சுக் காட்டு, கேக்கறேன்."

அப்பாதான். இன்னொரு முறை தட்டுகிறார். அஜீஸ், தமிழம்மாவின் தாள் மேசைமேல்தான் இருக்கிறது. நான் அதை எடுக்க