அந்த அப்பா தூங்கவில்லை

— கடைசியாக் கேக்குறேன் சிஸ்டர். அரை மணி நேரம் தர்றேன். அந்த ஓர மேஜையில உக்காந்து ஆறாவது கேள்வியை மட்டும் திருப்பி எழுதிக் கொடுத்துடுங்க. பாஸ் ஆயிடுவீங்க.

— என்னன்னு எழுதணும் சார்?

— அப்பா தூங்குறார்னு. அதாவது, வீட்டோட அமைதி, சின்னப் பொண்ணோட பாசம். கிளாஸ்ல நான் நடத்தினதுதானே. மிச்ச அறுபத்திரண்டு பேரும் அதைத்தான் எழுதியிருக்காங்க.

— அவங்க உங்க நோட்ஸைப் படிச்சாங்க சார். நான் அந்த இங்கிலீஷ் கவிதையைப் படிச்சேன். அந்த அப்பா தூங்கல. செத்துக் கிடக்கார்.

— பதினாறு வரியில சாவுங்கிற வார்த்தை எங்கயாவது இருக்கா?

— எங்க வார்டுலயும் அந்த வார்த்தை யார் வாயிலயும் வராது சார். இருபத்தாறு வருஷமா நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஏழாம் நம்பர் பெட் காலின்னுதான் சொல்லுவோம்.

— அதாவது, ஆஸ்பத்திரி வேற, இலக்கியம் வேற. வரியிலேர்ந்து ஆதாரம் காட்டணும்.

— காட்டுறேன், புஸ்தகத்தைத் திருப்புங்க. அஞ்சாவது வரி. அப்பா தலையில மப்ளர் கட்டியிருக்கு, முடிச்சு உச்சந்தலையில இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுது.

— பனிக்காலம். குளிருக்குக் கட்டியிருக்காங்க.

— சரி, குளிர்னே இருக்கட்டும். அடுத்த வரியிலேயே அம்மா ரெண்டு ஜன்னலையும் திறந்து வைக்கிறாங்களே? குளிருதுன்னு மப்ளர் கட்டினவங்க ஜன்னலைத் திறப்பாங்களா? உயிர் போனதும் தாடை தொங்கிடும் சார். வாய் பிளந்துக்கக் கூடாதுன்னு தாடைக்கடியில துணி கொடுத்து உச்சியில முடிச்சுப் போடுவோம். இந்தக் கையால எத்தனை பேருக்குக் கட்டியிருக்கேன்.

— அது ஒரு இடம்தானே. வேற?

— ஒன்பதாவது வரி. அப்பாவோட பாதம் ரெண்டும் சண்டை போடாத அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்காம். தூங்குறவர் கால் அப்படியா இருக்கும்? ஒண்ணு கிழக்கே போனா இன்னொண்ணு மேற்கே போகும். கட்டை விரலைச் சேர்த்துக் கட்டியிருக்காங்க.

— இது ஊகம் சிஸ்டர்.

— சரி, ஊகம். இலக்கணமும் ஊகமா? கவிதை முழுக்க நிகழ்காலம். அம்மா பேசுற ஒரே வரி மட்டும் இறந்த காலம். அப்பாவுக்குச் சத்தம் பிடிக்காதுன்னு சொல்லல, பிடிக்காம இருந்துச்சுன்னு சொல்றாங்க. புள்ளைகிட்ட மறைக்கப் பார்த்தவங்களுக்கு வாய் தவறிடுச்சு. இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடா இருக்கிறவங்க அதைத் தாண்டிப் போயிடலாம். நான் நாப்பத்தெட்டு வயசுல டிக்‌ஷனரியை மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லாத் தடவித் தடவிப் படிக்கிறவ. எனக்குத் தட்டுச்சு.

— பாருங்க, நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லல. ஆன்சர் கீயில தூக்கம்னு இருக்கு. ஊரோட ஒத்துப் போங்களேன். இந்தப் பேப்பர் போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு. ஷிப்ட் முடிஞ்சு நேரா ஓடி வந்து படிக்கிறவங்க நீங்க.

— போகட்டும். அடுத்த வருஷமும் இதையேதான் எழுதுவேன். அதுக்கடுத்த வருஷமும் இதேதான். டாக்டர் சொன்னதைச் செய், மேட்ரன் சொன்னதைச் செய்னு காலம் பூரா ஓடியாச்சு. என் கண்ணுல பட்டதை என் வாயால சொல்லலாம்னுதான் இங்க வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க எதுக்கு சார் காலேஜ்? முட்டை போடுங்க, வாங்கிக்கிறேன். தூங்குறார்னு மட்டும் எழுத மாட்டேன்.

— உங்க பேப்பரை இப்படிக் கொடுங்க.

— கோடு போட்டு அடிக்கப் போறீங்களா?

— மார்க் போடப் போறேன். இருபதுக்குப் பதினெட்டு. துறைத் தலைவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.

— ரெண்டு மார்க் எங்க சார் போச்சு?

— எழுத்துப் பிழை.

— அது நியாயம். ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு படிச்சவர் நீங்க, எட்டு வருஷமா இதை நடத்துறீங்க. ஒரு தடவைகூடவா உங்க கண்ணுல படல?

— முதல் தடவை படிச்சப்பவே பட்டுச்சு சிஸ்டர். எனக்கு அஞ்சு வயசு, அப்பாவுக்குப் பல்வலி, அதான் துணி கட்டியிருக்கு, சத்தம் போடாதேன்னு சித்தி சொன்னாங்க; சாயங்காலம் தூக்கிட்டுப் போற வரைக்கும் நான் சத்தமே போடல.