அசையாத நாள் அறுபத்தொண்ணு

இல்லக்கா, பரவால்ல, நீங்க உக்காருங்க. நான் நின்னுகினே இருக்கேன். இந்தச் சேரப் பார்த்தாலே எனக்குப் புடிக்கல. நடுவுல பாருங்க, குழி. எலும்பு டாக்டரப் பார்க்க வர்ற ஜனத்துக்கு இப்டி ஒரு சேரு. ச்சை.

உள்ள எக்ஸ்ரே எடுக்கறாங்க. ஆமா, எங்க பாப்பாவுக்குத்தான். நிலா. ஒம்போது வயசு, நாலாவது படிக்கிறா. கூட யாரும் நிக்கக் கூடாதுன்னு சிஸ்டர் என்ன வெளிய அனுப்பிட்டாங்க. அக்காவா? ம்... அந்த மாதிரி வெச்சுக்குங்களேன். அவங்கம்மா சசிகலா, செல்போன் கம்பெனில செட்டு மாட்டற லைன்ல வேல. அவங்களுக்கும் அப்பாவுக்கும் இன்னிக்கு லீவு குடுக்கலையாம். முதுகுதான்க்கா. ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு.

விழல, அடி கிடி ஒண்ணும் படல. நான் இவ்ளோ பேசற ஆளே கெடையாது. ஆனா இத யார்கிட்டயாவது சொல்லியே ஆவணும்.

சுங்குவார்சத்திரத்துல பாண்டுரங்கன் சார் டியூஷன்னு ஒண்ணு இருக்கு. பஸ் நிக்கற எடத்துக்குப் பின்னாடி, மாடில தகர ஷெட்டு. கேள்விப்பட்டிருக்கீங்களா? ஆமா ஆமா, நல்ல பேருதான். அம்மா அப்பா ரெண்டு பேரும் ஷிஃப்ட் போற வூட்டுப் புள்ளைங்க எல்லாம் அங்கதான். ஸ்கூல்ல நாள் பூரா உக்காந்துட்டு நாலரைக்கு வருங்க. கம்பெனி பஸ் வந்து அம்மா எறங்க எட்டரை ஆவும். அதுவரைக்கும் மறுபடி உக்காரணும். லீவு நாள்னா காலைல எட்டுலேர்ந்தே.

பெஞ்சு இன்னா பெஞ்சுன்னு நெனைக்கறீங்க? கம்பெனிக்கு மெஷின் வருது இல்ல, அத அடைச்சு வர்ற மரப்பெட்டி. அந்தப் பலகைய ஸ்க்ராப்ல வாங்கி அடிச்சது. ஜாக்கிரதையா தூக்கணும்னு ஒடைஞ்ச கிளாஸ் படம் போட்டிருப்பாங்க பாருங்க, அது அப்டியே இருக்கும். அது மேல புள்ளைங்க. முதுகு சாய ஒண்ணும் கெடையாது. ஒண்ணாவது படிக்கறதுக்கும் எட்டாவது படிக்கறதுக்கும் ஒரே ஒசரம். சின்னதுங்களுக்குக் கால் தொங்கும், பெருசுங்க கூன் போட்டு எழுதும்.

இதுல இன்னா கூத்துன்னா, நிலாவோட அப்பா பகலவனுக்கு ஒரகடத்துல கார் சீட்டு செய்யற எடத்துல வேல. ஒரு பொம்மைய உக்கார வெச்சு, எழுப்பி, மறுபடி உக்கார வெச்சு, ஆயிரம் வாட்டி பார்ப்பாங்களாம். இடுப்புக்கு எங்க முட்டுக் குடுக்கணும், கழுத்துக்கு எங்கன்னு. பொம்மைக்குக்கா!

கேளுங்க. அந்தச் சாரு முன்ன ஏதோ கம்பெனில சூப்பர்வைசரா இருந்தவரு. கம்பெனி கேட்டுல எழுதி வெச்சிருப்பாங்க இல்ல, விபத்து இல்லாம இத்தினி நாள்னு? அதப் பார்த்து இவரு ஒரு போர்டு வெச்சாரு. அசையாத நாள். ஒவ்வொரு புள்ள பேருக்கு நேரா ஒரு நம்பர். நெளியக் கூடாது, சாயக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. பாத்ரூம் ஏழு மணிக்கு ஒரு வாட்டி, அதுவும் லைன்ல. நெளிஞ்சா நம்பர அழிச்சுட்டு முட்டை. திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். பெத்தவங்க சண்டைக்கு வந்திருப்பாங்கன்னு பார்க்கறீங்களா? போர்ட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சாங்கக்கா. தூ.

அங்க ஒரு மிஸ்ஸு இருக்கா. லீலான்னு பேரு. பி.எஸ்சி. கணக்கு. வாயத் தொறக்க மாட்டா, ஆனா கண்ணு மட்டும் சுத்தினே இருக்கும். எவனுக்குப் பல்லு ஆடுது, எவ பென்சிலக் கடிக்கிறா, எல்லாம் தெரியும் அவளுக்கு. சாரு போர்டு வெச்சதும் அவளுக்கு உள்ளுக்குள்ள நிம்மதி. நாப்பது புள்ளைங்கள அதட்ட வேணாம் பாருங்க. சாக்பீஸ எடுத்தாலே கப்சிப்.

நிலாதான் எப்பவும் ஃபர்ஸ்ட்டு. அறுபத்தோரு நாள். பென்சில் கீழ வுழுந்தா குனிய மாட்டா, பக்கத்துல தென்றல்னு ஒரு பொண்ணு, அவளத்தான் எடுத்துக் குடுக்கச் சொல்லுவா. எழுந்திருக்கறப்போ பெஞ்சுல கைய ஊணி மெதுவா எழுந்திருப்பா. இதெல்லாம் அந்த மிஸ்ஸு பார்த்துகினுதான் இருந்தா. இன்னா ஒரு ஒழுக்கம்னு கைல ஸ்டார் வேற ஒட்டினா. அசைஞ்சா வலிக்குது, அதான் அது அசையல. இது கூடப் புரியல அந்தப் படிச்ச மூதேவிக்கு.

அவங்கம்மாவுக்கும் தோணல. யூனிஃபார்ம் ஒரு தோள்ல தூக்கிகினு நிக்குதுன்னு டெய்லர் கிட்ட போயி சண்ட போட்டிருக்காங்க. அவரும் ஒரு பக்கத்தப் பிரிச்சுத் தெச்சுக் குடுத்திருக்காரு. சட்ட நேராயிடுச்சு.

போன சனிக்கெழம அந்த அறுபத்தோரு நாளுக்குப் பிரைஸு. டிபன் பாக்ஸ். சார் கால்ல வுழுந்து வாங்கிக்கோன்னாங்க. நிக்கிறா. குனியவே இல்ல. இன்னா பாப்பா இவ்ளோ திமிருன்னு சாரு சிரிக்கிறாரு. மிஸ்ஸு போயி முதுகுல கைய வெச்சு அமுக்கினா. ஒரு கத்து கத்துச்சு பாருங்க புள்ள. அப்பதான் சட்ட மேலயே கைக்குத் தட்டுப்பட்டுச்சு, ஒரு பக்கம் எலும்பு பொடைச்சுகினு. அந்தக் கைய வெட்டிப் போட்டா தேவல.

டாக்டரா? உக்காந்ததாலதான் வளைஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேம்மான்னாரு. அப்டி சொல்லிருந்தா கூட சார் மேல பழியப் போட்டுட்டு இருந்திருப்பேன். புள்ளைங்கள அர மணிக்கு ஒரு வாட்டி எழுப்பி நடக்க வுட்டிருந்தா, குனிஞ்சு நிமிர வுட்டிருந்தா, வலிக்குதுன்னு என்னிக்கோ சொல்லிருக்குமே, ஆறு மாசம் முந்தியே கூட்டினு வந்திருக்கலாமேன்னாரு. இப்ப எக்ஸ்ரேல வளைவு எவ்ளோன்னு பார்த்துட்டுதான் பெல்ட்டா, ஆபரேஷனான்னு சொல்லுவாராம். சாயந்திரம் பிரேக்ல சசிகலாக்கா போன் பண்ணுவாங்க. நான்தான் சொல்லணும்.

அக்கா, உங்க பொண்ணுக்குக் கால் தொங்குது பாருங்க. அந்தப் பைய காலுக்குக் கீழ வையுங்க. இல்லன்னா எறக்கி வுடுங்க, கொஞ்சம் ஓடட்டும். சிஸ்டர் திட்டினா நான் பேசிக்கறேன்.

தோ, கதவத் தெறந்துட்டாங்க. வரேன் நிலா! செருப்பு நான் மாட்டி வுடறேன், நீ குனியாத.

ஆமாக்கா. என்னதான் மிஸ்ஸுன்னு கூப்ட்டா. நம்பர் எழுதினது, ஸ்டார் ஒட்டினது, அமுக்கினது, எல்லாம் இந்தக் கைதான்.

இன்னாடா கண்ணு? நல்லா சொல்லு, கேக்கல.

எக்ஸ்ரே எடுக்கறவரு பாராட்டினாராம்க்கா, கொஞ்சங்கூட அசையாம நின்னியே, கெட்டிக்காரின்னு. இன்னிக்கி அறுபத்திரண்டுன்னு எழுதுவீங்களா மிஸ்னு கேக்கறா.