ஈயத்துக்குக் கபுறு இல்லை

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அதிபர் இராசதுரை அவர்களே, மேடையிலுள்ள மௌலவிமார்களே, திரைக்கு அப்பால் கண்ணீரோடிருக்கும் தாய்மார்களே, என் சாய்ந்தமருது மக்களே!

நான் இப்றாஹிம். பழைய லொறிப் பற்றரிகளை உடைத்து, ஈயம் உருக்கி, மீன் வலைக்குக் குண்டு வார்ப்பவன். மேடைப்பேச்சு அறியாதவன். ஆனாலும் நம் இரசாயன ஆசிரியர் மர்ஹூம் அபூசாலி அவர்களைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது? அவரை அதிகம் ஏசியவன் நான்தானே!

ஓராண்டு காலம் கொப்பியோடு என் வளவுக்கு வந்தார். இந்த ஈயத்தை எந்த நாட்டு மலையில் தோண்டினார்கள், எந்தக் கப்பலில் வந்தது, என் உலைக்கு எத்தனை கட்டு விறகு, புகை எந்தப் பக்கம் போகிறது, பற்றரித் தண்ணீரை எங்கே ஊற்றுகிறேன், எல்லாம் எழுதினார்.

"சேர், ஈயத்துக்கு ஜாதகமா எழுதுறீங்க?" என்று நக்கலடித்தேன்.

அவர் கோபிக்கவில்லை. "ஓம் காக்கா, பிறப்பு எழுதிட்டன். மௌத்துத்தான் விளங்கல்ல. உருக்கி மிஞ்சின கழிவெல்லாம் எங்க?"

"கிணத்தடியில தாட்டுட்டன் சேர். அதோட அலுவல் முடிஞ்சி."

தலையில் கைவைத்து மணலில் குந்திவிட்டார் அந்த மனுசன். "காக்கா, நாம மௌத்தானா கபுறுக்குழியில மண்ணாப் போயிருவம். ஈயத்துக்குக் கபுறு இல்ல. அது ஈயமாவே கிடந்து கிணத்துக்கு வரும். உம்மு குடிக்கிற தண்ணி!"

உம்மு என் மகள். ஏழு வயது. அன்றைக்கும் வயிற்றுவலியோடு படுத்திருந்தாள்.

கேட்டேனா? படலையைச் சாத்தினேன்! அவரோ தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில், தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடத்தைச் சைக்கிளில் கொண்டுவந்து என் படலையடியில் வைத்துவிட்டுப் போனார். ஏசியவன் வீட்டுக்கு! அதைக் குடித்து மெல்ல மெல்ல உம்மு தேறினாள்.

கடைசியில் அவரே நோயில் விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "தோண்டி எடுத்திட்டீங்களா காக்கா?"

"ஓம் சேர்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

சபையோரே, அது பொய்! ஊர் சிரிக்கும் என்ற வெட்கத்தில் நான் மண்வெட்டியைத் தொடவேயில்லை. அந்தப் பொய்யோடுதான் வெள்ளிக்கிழமை அவர் கபுறில் மூன்று பிடி மண் போட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

நாளை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு என் வளவைத் தோண்டுகிறேன். எடுப்பதை இன்னொருவர் கிணற்றடியில் புதைக்கமாட்டேன், பீப்பாயில் அடைத்து வைப்பேன். இதோ, அவர் வீட்டார் என்னிடம் தந்த அவருடைய கொப்பி! ஈயம் உருக்கும் ஒவ்வொரு வளவுக்கும் இதைக் கொண்டுபோவேன்.

மண்வெட்டி உள்ளவர்கள் வாருங்கள். அவரிடம் நான் சொன்ன அந்த 'ஓம்' உண்மையாக வேண்டும்.