ஒன்பதாம் இதழும் ஏறட்டும்

மைக்கின் கழுத்தைத் தன் உயரத்துக்குத் திருகி வைத்துவிட்டு, என்னைக் குனிந்தே பேசும்படி செய்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே, படக்கதை படிக்கிறவனை வேலையற்றவன் என்று ஊர் ஏசிய காலத்திலேயே நூலகத்தில் படக்கதைக்கென்று ஓர் அலமாரியை ஒதுக்கி வைத்த அம்மா பகவதியம்மாள் அவர்களே, இம்மண்டபத்தை மனமுவந்து தந்த போதகர் ஐயா அவர்களே, சபைப் பெரியோர்களே, பேருந்துகளை எல்லாம் நேரத்துக்கு அனுப்பிவிட்டுத் தன் பத்திரிகையை மட்டும் ஒருநாளும் நேரத்துக்கு அனுப்பாத போக்குவரத்துக் கழகத்து டைம் கீப்பரும், 'சித்திரக்கட்டம்' இதழின் ஆசிரியருமாகிய என் அன்புத் தம்பி ரசலையன் அவர்களே, அதோ மடிக்கணினியின் முன்னால் மடங்காத பொறுமையோடு அமர்ந்திருக்கும் அவருடைய அருமை மகள் பிரீனா அவர்களே, தோவாளையிலிருந்து பேருந்து மாறி வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் கணித ஆசிரியை ராஜி அவர்களே, உங்கள் பெயரைச் சொல்லும்போது மட்டும் என் நாக்கு சற்றே தடுமாறுகிறது, காரணம் பின்னால் வரும்; அடுப்பை அணைத்துவிட்டு ஆர்வத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, பழம்பொரி வாசனைக்கு வந்து என் பேச்சில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்கள் அனைவருக்கும் தக்கலையில் ஃபிளக்ஸ் கடை நடத்தும் சகாயத்தின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் என் கைவண்ணம் தெரியும். கல்யாண வாழ்த்தும் நான்தான், கண்ணீர் அஞ்சலியும் நான்தான். உங்கள் கல்யாணத்தன்று ஜங்ஷனில் உங்களை நீங்களே அடையாளம் காணாத அளவுக்கு வெளுப்பாக்கி நிறுத்தியவனும் நான்தான். ஆனால் அது வயிற்றுக்கு. நெஞ்சுக்கு நான் செய்வது படக்கதை. எழுதுவதும் நான், வரைவதும் நான், விற்பதும் நான், விற்காமல் மிஞ்சியதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதும் நான்.

இந்தப் படக்கதையைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு பத்திரிகை. படக்கதைக்கு விமர்சனமா என்று கேட்டார்கள். பல்லில்லாத பிள்ளைக்கு முறுக்கா என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் இன்று எங்கே? முன்வரிசையில் இருவரைப் பார்க்கிறேன், பெயர் சொல்லவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் முப்பத்தொரு இதழ்கள். முந்நூறு பிரதிகளைத் தாண்டாத அந்தப் பத்திரிகை இன்று இணையத்தில் ஏறுகிறது. இனி மஸ்கட்டில் மாலை வேலை முடித்தவனும் வாசிக்கலாம், மார்த்தாண்டத்தில் பேருந்துக்கு நிற்கிறவனும் வாசிக்கலாம். பழைய இதழ்கள் அத்தனையும் அதிலே இருக்கும். அதை ஆரம்பித்து வைக்கும் பொத்தானை அழுத்த வந்திருப்பவன் நான்.

ஏன் நான்? ஊரில் ஆளில்லையா? அமைச்சர் இல்லையா, நடிகர் இல்லையா? ரசலையனிடமே கேட்டேன். "அண்ணே, நம்ம பத்திரிகையில அதிகமா அடி வாங்கினது நீங்கதான். நீங்க அழுத்தினாத்தான் அதுக்கொரு மதிப்பு" என்றார்.

அடி வாங்கியது உண்மை. அந்த அடியின் கதையைக் கேளுங்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் 'பூட்ஸ் ஒலிக்கும் அரண்மனை' என்றொரு படக்கதை வெளியிட்டேன். அறுபத்து நான்கு பக்கங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு திருட்டு. சுற்றிப் பார்க்க வந்தவர்களில் யாரோ ஒருவன் திருடன். துப்பறிவாளர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவரின் காலடியையும் கேட்கிறார். டக், டக், டக். நாற்பது பக்கங்களுக்கு டக், டக், டக். கடைசியில் எவனுடைய இடது பூட்ஸ் கிறீச்சிடுகிறதோ அவனே திருடன். என்ன கற்பனை, என்ன கம்பீரம் என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

அங்கே யாரோ இப்போதே சிரிக்கிறார்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லையே.

'சித்திரக்கட்டம்' ஒன்பதாம் இதழ் வந்தது. நான்கு பக்க விமர்சனம். எழுதியவர் தோவாளை ராஜி. அப்போது அவர் கல்லூரி மாணவி. முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "இந்த அரண்மனைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு எவரும் நுழைய முடியாது. வாசலிலேயே கழற்ற வேண்டும். கழற்றிய கணத்தில் இந்தக் கதை முடிந்துவிட்டது. மீதிப் பக்கங்களை ஓவியர் யாருக்காக வரைந்தார்?"

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கு அடி சறுக்கவில்லை ஐயா, அடியோடு செருப்பும் போயிற்று. அதற்குமேல் ஒரு வரி நான் வாசிக்கவில்லை. இதழைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, நேரே பேருந்து நிலையத்துக்குப் போனேன். ரசலையன் தன் டைம் கீப்பர் கூண்டுக்குள் இருந்தார்.

"லே ரசலையா, எனக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணே, அங்க செருப்பக் கழத்தணுமா வேண்டாமா? அத மட்டும் செல்லுங்க."

"அது எனக்கு எப்படிலே தெரியும்? நான் உள்ள போனதே இல்லியே."

சுற்றி நின்ற நடத்துநர்கள் எல்லாம் சிரித்தார்கள். நாகர்கோவில் வண்டி ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது, என்னால்.

ஆம், அன்பர்களே. என் வீடு கோட்டைச் சுவருக்கு அருகில். வீட்டு வாசலிலிருந்து அரண்மனை வாசலுக்கு நடந்தால் ஒரு பீடி முடியாது. அதன் மணிக்கூண்டைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆனால் உள்ளே போனதில்லை. எங்கே, இந்த மண்டபத்தில் தக்கலை, பத்மநாபபுரத்துக்காரர்கள் கையைத் தூக்குங்கள். அரண்மனைக்குள் போனவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். இனி, வெளியூர் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் தாழ்த்துங்கள். பார்த்தீர்களா, ஒரு கையும் இல்லை. ஜெர்மனிக்காரன் பார்த்திருக்கிறான், ஜார்க்கண்டுக்காரன் பார்த்திருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கவில்லை. அது எங்கே ஓடிப்போகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று நாற்பது வருடம் நகர்த்திவிட்டோம். பம்பாயிலிருந்து வந்த என் மச்சானை வாசல் வரை கொண்டுவிட்டு, நான் வெளியே நின்று கரும்புச்சாறு குடித்தவன்.

கோபம் குறையவில்லை. அந்தப் பெண் சொன்னது தப்பு என்று நிரூபிக்கவே மறுநாள் அரண்மனைக்குப் போனேன். வாசலில் இருந்தவர், "செருப்பக் கழத்துங்க" என்றார். கழற்றினேன். கறுத்துப் பளபளக்கும் அந்தத் தரையில் கால் வைத்தபோது உள்ளங்கால் குளிர்ந்தது. முன்னால் நூறு பேர் நடக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேர் நடக்கும் அந்த அமைதியை நான் அதுவரை கேட்டதே இல்லை. மூன்று மணி நேரம் உள்ளே நின்றேன். அடுத்த கதையில் ஒரு டக் சத்தமும் கிடையாது. அதற்கடுத்த கதையிலும் கிடையாது. ஆனாலும் ராஜியை நான் மன்னிக்கவில்லை. இரவு குடும்ப செபத்தில், சத்துருக்களுக்கு நல்ல புத்தி கொடும் ஆண்டவரே என்று வேண்டுவேன். என் வீட்டுக்காரி இசபெல் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள். அவளுக்குத் தெரியும் எந்தச் சத்துரு என்று.

இப்போது இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். காப்பி ஆறுகிறது என்று கைகாட்டுகிறார்கள், ஆறட்டும், என் மனம் ஆற வேண்டாமா?

மூன்று வாரங்களுக்கு முன்னால் சென்னையில் ஒரு பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. என் புதிய படக்கதையை, முந்நூறு பக்கம், ஐந்து வருட உழைப்பு, அவர்கள் போடலாமா என்று யோசிக்கிறார்களாம். கடைசி வரி இது: "உங்கள் முந்தைய படைப்புகள் குறித்து இணையத்தில் பார்த்துவிட்டு முடிவைச் சொல்கிறோம்." அதே வாரம் ரசலையன் தொலைபேசியில் சொல்கிறார், அண்ணே, பழைய இதழ் எல்லாத்தையும் இணையத்தில் ஏற்றுகிறோம் என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னைப் பற்றி இணையத்தில் இன்றுவரை எதுவும் இல்லை. இனி சகாயம் என்று தேடினால் முதலில் வரப்போவது பூட்ஸ்.

நான் கெஞ்சினேன். மறைக்காமல் சொல்கிறேன், கெஞ்சினேன். "லே தம்பி, ஒம்பதாம் இதழ மட்டும் விட்டிருலே."

அவர் சொன்னார்: "நீங்க வேண்டாம்னா ஏத்தேல்லண்ணே. ஆனா எட்டுக்கப்பறம் பத்துதான் கிடக்கும். எவனாவது ஒம்பது எங்கன்னு கேட்டா, என்ன செல்லணும்னு நீங்களே செல்லித்தாங்க."

ஆனாலும் வேண்டாம் என்றேன். அவரும் சரி என்றார். ஆகவே இந்த நிமிடத்தில், அந்த மடிக்கணினியில் முப்பது இதழ்கள்தான் இருக்கின்றன. முப்பத்தொன்று இல்லை.

இன்று காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே இசபெல் கேட்டாள். "அந்தப் பிள்ள எழுதினத நீங்க முழுசும் வாசிச்சியளா?"

"ஒரு பக்கம் போதாதா?"

"பதினோரு வருஷமா அந்தப் பிள்ளையச் செபத்துல வச்சு ஏசுதிய. ஒருநாளாவது முழுசா வாசிச்சிட்டு ஏசப்பிடாதா?" என்று சொல்லி, அலமாரியில் வேதபுத்தகத்துக்கு அடியிலிருந்து ஒன்பதாம் இதழை எடுத்துக் கையில் தந்தாள். அவள் எப்போதோ வாசித்திருக்கிறாள்.

நின்றபடியே நான்காம் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ராஜி எழுதியிருக்கிறார், கேளுங்கள், வரிக்கு வரி வாசிக்கிறேன்: "இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோவாளையிலிருந்து மூன்று முறை பத்மநாபபுரம் போனேன். முதல்முறை திங்கட்கிழமை, அரண்மனைக்கு விடுமுறை. மற்ற இரண்டு முறையும் ஒவ்வொரு படமும் எந்த இடம் என்று தேடி, அங்கங்கே நின்று பார்த்தேன். ஓவியர் உள்ளே வந்ததே இல்லை என்பது எனக்கு உறுதி. ஆனால் முப்பத்தேழாம் பக்கத்தில் மரச்சன்னல் வழியாக வெயில் விழுகிற விதம் அப்படியே இருக்கிறது. பார்க்காமலே இப்படி வரைகிறவர், ஒருமுறை பார்த்துவிட்டு வரைந்தால் எப்படி இருக்கும்? அந்தப் புத்தகத்துக்காகக் காத்திருக்கிறேன்."

அழுதேன், அன்பர்களே. இஸ்திரிச் சட்டை நனைய அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புத்தகம் வாங்கியவர்கள் நூறு பேர். சூப்பர் அண்ணே என்றார்கள், அருமை அங்கிள் என்றார்கள், கொண்டுபோய் ஃபிரிட்ஜின் மேல் வைத்தார்கள். என் கோடுகளை நம்பிப் பேருந்து ஏறியவர் யார்? என் கட்டங்களைக் கையில் பிடித்துக்கொண்டு காலடி காலடியாக நடந்தவர் யார்? நான் சபித்தேனே, அந்தப் பெண். புகழ்கிறவன் புன்னகையோடு போய்விடுவான். படிக்கிறவன் அல்லவா பக்கம் பக்கமாய் நம்மோடு நிற்பான்? அப்படிப்பட்ட வாசிப்பை முந்நூறு பேருக்குள் முடக்கி வைக்கலாமா? என் மானத்துக்காக அந்த உழைப்பை மறைக்கலாமா? ஒரு மனிதனின் தப்பை மறைத்தால், அதைத் திருத்திய கையும் சேர்ந்து மறைந்துவிடாதா?

ஏட்டி பிரீனா, ஒன்பதாம் இதழ் உன்னிடம் இருக்கிறதா மகளே? இந்த அவைக்குக் கேட்கும்படி சொல்.

"ஸ்கேன் செய்து வச்சிருக்கேன் அங்கிள். நீங்க செல்லட்டும்னுதான் இருந்தேன்" என்கிறாள். ஏற்று மகளே, எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஏற்று.

ராஜி அவர்களே, மேடைக்கு வாருங்கள். வெட்கப்பட வேண்டாம், வெட்கப்பட வேண்டியவன் நான். பதினோரு வருடம் உங்களைத் தவறாக ஏசிய இந்தச் சகாயம், இத்தனை பேர் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பொத்தானை நாம் இருவரும் சேர்ந்து அழுத்துவோம்.

அங்கே ஒருவர் கேட்கிறார், சென்னைக்காரர்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று. நல்ல கேள்வி. அவர்கள் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. இன்று காலை நான்கு பக்கங்களையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் நானே அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். இது நான் வாங்கிய அடி, இதைப் படித்துவிட்டுப் பிறகு என் புத்தகத்தைப் படியுங்கள் என்று எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

வருவது வரட்டும். அவையோருக்கும், பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கும், நான்காம் பக்கத்தைத் திருப்ப வைத்த என் இசபெலுக்கும் நன்றி. ராஜி அம்மா, விரலை வையுங்கள், அழுத்துகிறோம். எல்லோருக்கும் வணக்கம்.