நிறுத்தாமல் விட்ட பயிற்சியாளர்

என் பெயரும் விலாசமும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தொன்று. விமானக் கம்பெனியில் துணை விமானியாக இருக்கிறேன். பயிற்சியாளர் மீது என் அண்ணன் கொடுத்த புகார் பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

போன மாதம் எனக்கு சிமுலேட்டரில் பயிற்சி நடந்தது. அது ஆறு இரும்புக் கால்களில் நிற்கும் அறை. உள்ளே அச்சு அசலாக விமானி அறை போலவே இருக்கும். கால்கள் நீண்டு சுருங்குவதால் நிஜமாகவே பறக்கிறோம் என்று உடம்பு நம்பிவிடும். மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த கட்டத்தில், இறங்காமல் மறுபடி மேலே ஏறும்படி பயிற்சியாளர் சொன்னார். நான் என்ஜினுக்கு முழு வேகம் கொடுத்ததும் அறை பின்னால் சாய்ந்தது. விமானம் செங்குத்தாகப் போகிறது என்று பயந்து விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினேன். அது திடீர் வேகத்தால் உடம்புக்கு வரும் பிரமை என்பது, மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று காட்டும் கருவியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

இப்படி ஆனால் தரையில் மோதுவதற்குள் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது மற்ற பயிற்சியாளர்களின் வழக்கம். பிறகு சிரித்துப் பேசி, காபி குடித்துவிட்டு மறுபடி தொடங்குவோம். இவர் நிறுத்தவில்லை. தரையில் மோதியது போல அறை தூக்கிப் போட்டதில் என் முழங்கை ஜன்னல் விளிம்பில் இடித்து வீங்கிவிட்டது. அதன் பிறகு அவரே ஐஸ் கொண்டுவந்து கொடுத்து, "வலிக்குதாம்மா? இது ஞாபகம் இருக்கட்டும். உடம்பு சொல்றதக் கேக்காதீங்க, கருவியப் பாருங்க" என்றார். அப்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

வீட்டில் அண்ணன் வீக்கத்தைப் பார்த்தார். எனக்கு எறும்பு கடித்தாலும் ஊரைக் கூட்டுபவர் அவர். வேண்டுமென்றே காயப்படுத்தியதாக மறுநாளே புகார் கொடுத்துவிட்டார். பயிற்சியாளரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அதன் பிறகு கை சரியாகி வேலைக்குத் திரும்பினேன். அந்த வாரமே, நிஜ விமானத்தை மேகத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஓடுபாதையில் வேறொரு விமானம் நிற்பதாகத் தகவல் வந்ததால் மறுபடி ஏற வேண்டியதாயிற்று. தலைமை விமானி ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அன்று போலவே உடம்பு பின்னால் சாய்ந்தது, அழுத்துவதற்குக் கை தானாக முன்னால் போனது. ஆறிப்போன முழங்கை சுருக்கென்றது. உடனே கருவியைப் பார்த்தேன். மூக்கு சரியாகத்தான் இருந்தது. அழுத்தாமல் கையை நிறுத்திக்கொண்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இறங்கிய பின் கழிவறையில் நின்று அழுதேன். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் மேல் எனக்கு நன்றியைத் தவிர வேறு எதுவும் இல்லை. புகார் இருக்கும்வரை அவர் அந்தப் பயிற்சி அறைக்குள் மறுபடி போக முடியாது. அதனால் இதை முடித்துவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று நான் மறுபடி மேலே ஏற்றிய விமானத்தில் என் அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய மகளும் இருந்தார்கள். "நேரா எறக்காம எதுக்கு இன்னொரு சுத்து? நல்லா தூங்கிட்டிருந்தேன், எழுப்பி விட்டுட்ட" என்று அண்ணன் இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறார். அதற்குப் பதிலாக இந்த வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்டினால் போதும்.

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டிருப்பதை வாசிக்கக் கேட்டேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
துணை விமானி